கூரை ஓட்டையில் அடித்த தண்ணீர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு,

ஹோஸை எப்படி உருட்டிவிடுவது, எப்படிச் சுருட்டுவது, மண்டி போட்டு நகர்ந்துகொண்டே பிராஞ்சை எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் பயிற்சியில் உங்களை வறுத்தெடுத்திருப்பார்கள். நானும் அதையே சொல்லிக் கழுத்தறுக்கப் போவதில்லை. (பிராஞ்ச் என்பது ஹோஸின் நுனியில் மாட்டும் பித்தளைக் குழல். இதை வாங்கிப் படிக்கப்போகும் உங்கள் வீட்டாருக்காகச் சொல்லிவைக்கிறேன்.) நான் சொல்ல வந்தது தண்ணீர் அடிக்காமல் நிற்பதைப் பற்றி. முப்பது வருடத்துக்கு மேல் சர்வீஸ் போட்டவன். எரிகிற வீட்டுக்குள் தவழ்ந்தபோதெல்லாம் வராத பயம், பிராஞ்சைத் திறக்காமல் வாசலில் நின்ற சில நிமிடங்களில் வந்திருக்கிறது.

வண்டி போய் நின்றதும் என்ன நடக்கும் என்பதை இனி நீங்களே பார்ப்பீர்கள். இறங்குவதற்குள் நாற்பது பேர் சூழ்ந்துகொள்வார்கள். ஏன் இவ்வளவு லேட் என்று ஒருவர் சட்டையைப் பிடிப்பார். நாம் கேட்காமலே இரண்டு பேர் ஹோஸை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஹோஸ் பிடிக்க ஆள் வராத ஊர் நம் மாவட்டத்தில் கிடையாது. நாலு பேராகப் போய் இறங்குகிற நமக்கும் அந்தக் கைகள் வேண்டியிருக்கிறது. அத்தனை பேரும் கேட்பது தண்ணீரைத்தான். குடத்தோடு வரிசையில் நின்று பழகிய சனங்களிடம் ஒரு டாங்கி நிறையத் தண்ணீரோடு போய் இறங்கிவிட்டு, அதைத் திறக்காமல் இரண்டு நிமிடம் யோசித்தால் நம்மை மனுசனாகவே மதிக்க மாட்டார்கள். அந்த இரண்டு நிமிட வசவைத் தாங்கத் தெரிந்தவன்தான் ஃபயர்மேன் என்பது என் கட்சி. நான் அதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டவன் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேவிபட்டினத்தில் வலைகள் போட்டுவைக்கும் ஒரு கட்டிடத்தில் தீப்பிடித்தது. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, நடுவில் ஒரு கதவு. முன்னறை எரிந்துகொண்டிருந்தது. நான் பெரிய வீரன் மாதிரி வாசலில் கால் பரப்பி நின்றுகொண்டு தண்ணீரைத் தடியாக உள்ளே பாய்ச்சினேன். கறுப்புப் புகை வெள்ளையாக மாறியது. கூட்டம் கைதட்டியது. யாரோ ஒரு கலர் பாட்டிலை உடைத்துக் கொண்டுவந்து நீட்டினார். கொஞ்ச நேரத்தில் முன்னறை அணைந்துவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு பின்னறைக்குப் போனால், அங்கே இருந்த புது வலைகள் அத்தனையும் உருகிக் கட்டியாகிக் கிடந்தன. நாங்கள் வந்து இறங்கியபோது அந்த வலைகளில் ஒரு பொறிகூட விழுந்திருக்கவில்லை.

எங்கள் குழுவுக்குத் தலைவர் லீடிங் ஃபயர்மேன். அவர் ஒரு நெஞ்செரிச்சல்காரர். சோடா குடித்து ஏப்பம் விட்டால்தான் அவருக்குத் திட்டவே வரும். ஸ்டேஷனுக்கு வந்து சோடாவும் குடித்த பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, நீ தீய அணைக்கல. இந்த ரூமுல கெடந்தத அந்த ரூமுக்குத் தள்ளிவிட்டுட்டு வந்திருக்க. தண்ணிய உள்ள அடிச்சா அங்கன இருக்க சூடு எங்கிட்டுப் போகும்? அதுக்கு ஒரு வழி வேணாமா?"

"எல்லாரும் கைதட்டுனாகளேண்ணே."

"அவுக தட்டுவாக. வலைக்காரன் தட்டுனானா?"

வலைக்காரர் தட்டவில்லை. பின்னறை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார், நானும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கலர் குடித்தேன். வீட்டுக்குள் தண்ணீர் அடிப்பதில் நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய தொழில்நுட்பம் இந்த ஒன்றுதான். வெளியிலிருந்து அடிக்கிற தண்ணீர் சூட்டையும் புகையையும் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போகும். ஒரு குடம் தண்ணீர் ஓர் அறை கொள்ளாத ஆவியாகும். எந்தப் பக்கம் தள்ளுகிறோம், அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் திறக்கக் கூடாது. அன்றைக்குப் போனது வலை. அதனால் திட்டோடு தப்பித்தேன்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து நானே லீடிங் ஃபயர்மேன் ஆகியிருந்தேன். பங்குனி மாதம், காலை பதினொரு மணி இருக்கும். பரமக்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து போன் வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அன்றைக்கு ஸ்டேஷன் ஆபீசர் ஊரில் இல்லாததால் பொறுப்பு என்னுடையது. வண்டி ஓட்டிப் பம்பையும் பார்க்கிற காதர், சேகர் என்ற ஃபயர்மேன், இன்னொரு ஃபயர்மேன், நான். மொத்தம் நாலு பேர்.

நிலபுலம் உள்ள ஒரு சம்சாரியின் ஓட்டு வீடு அது. அந்தப் பக்கத்துச் சம்சாரிகள் மிளகாய் வற்றலைக் காயவைத்து, விலை வரும்வரை மூடை மூடையாக வீட்டுக்குள்ளேயே அடுக்கிவைப்பார்கள். அவரும் முன்கூடத்தில் மோட்டுவளை வரைக்கும் அடுக்கியிருந்தார். கூடத்தைத் தாண்டினால் ஓர் உள்ளறை. அந்த அறைக்குக் கதவு கூடத்துப் பக்கம் மட்டும்தான். அதில் அவருடைய மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்றுப் பதினாறு நாளாகப் படுத்திருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டித் தலைக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு, அவளுடைய அம்மா கங்குச் சட்டியோடு கூடத்தைக் கடந்து போயிருக்கிறார். ஒரு கங்கு மூடைகளுக்கு நடுவில் விழுந்ததை அவர் பார்க்கவில்லை. துணியை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போய்விட்டார். செல்வி புகையைப் பார்த்துக் கதவைத் திறந்தபோது கூடம் முழுக்கத் தீ. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டாள்.

வற்றல் புகையை நீங்கள் இன்னும் சந்தித்திருக்க மாட்டீர்கள். தாளிக்கும்போது ஒரு மிளகாய் கருகினாலே தெருவே இருமும். அங்கே மூடைக்கணக்கில் கருகிக்கொண்டிருந்தது. வண்டியை விட்டு இறங்கிய எனக்கு முதல் மூச்சிலேயே நெஞ்சு அடைத்தது. எதிரில் நின்ற நூறு பேரும் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு, துண்டுக்குள்ளிருந்தே கத்தினார்கள்.

"உள்ள பச்ச ஒடம்புக்காரி கெடக்காய்யா! தண்ணிய விடுங்கய்யா!"

காதர் பம்பைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். ஹோஸ் அதற்குள் வாசல்வரை போயிருந்தது. "திற" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் சொல்லாமல் வீட்டைச் சுற்றி ஓடினேன். என் முதுகுக்குப் பின்னால், "ஓடுறான்டா, பயந்தாங்கொள்ளி" என்று யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது.

நான் திருப்புல்லாணிப் பக்கத்துக்காரன். இந்த மாதிரி ஓட்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவன். இந்த வீடுகளில் உள்சுவர்கள் கூரைவரை எழும்பாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். அதற்கு மேலே எல்லா அறைக்கும் ஓடு ஒன்றுதான், காற்று ஒன்றுதான். எங்கள் வீட்டில் அம்மா தாளித்தால் உள்ளறையில் தூங்குகிற என் அய்யா தும்முவார். அதனால் செல்வி கதவைச் சாத்திக்கொண்டாள் என்று கேட்டபோது எனக்கு ஆறுதல் வரவில்லை. கதவு சாத்தியிருக்கிறது, சுவரின் தலைமாடு திறந்து கிடக்கிறது. வாசலிலிருந்து நான் தண்ணீரை அடித்தால் கூடத்தில் இருக்கிற சூடு முழுவதும் சுவரைத் தாண்டி அவள் தலையில்தான் இறங்கும்.

பின்பக்கம் போனேன். அடுத்த வீட்டுச் சுவருக்கும் இதற்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. அதில் உள்ளறைக்கு ஒரு சன்னல் இருந்தது. பிரசவித்தவளுக்குக் காற்றுப் படக் கூடாது என்று அதன் கதவைச் சாத்தி, உள்ளே சாக்கும் பழைய சேலையுமாகத் திணித்து அடைத்திருந்தார்கள். நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். சன்னலைத் தட்டினேன். உள்ளேயிருந்து இருமல் கேட்டது. உயிரோடு இருக்கிறாள். சந்தோசப்பட நேரம் இல்லை, ஏனென்றால் அந்தச் சன்னலை உடைத்தாலும் ஆபத்து. அடைத்துக் கிடக்கிற அறையில் ஒரு வழியைத் திறந்துவிட்டால் கூடத்துத் தீ அந்த வழியைத் தேடிக்கொண்டு வரும். அதற்கு முன்னால் தீக்கு வேறொரு வழி காட்ட வேண்டும்.

இன்னொரு ஃபயர்மேனைக் கூப்பிட்டு, ஆட்டுக்குக் குழை பறிக்கிற நீளமான துறட்டிக் கம்பு ஒன்றை வாங்கி அவன் கையில் கொடுத்தேன். பக்கத்து வீட்டுச் சுவரில் ஏறி, கூடத்துக்கு நேர் மேலே ஓட்டைப் பிரிக்கச் சொன்னேன். சூடு மேலே போகட்டும் என்பது என் கணக்கு. பத்துப் பதினைந்து ஓடு சரிந்ததும், அடைபட்டுக் கிடந்த தீ ஓட்டை வழியாக ஒரு பனை உயரத்துக்கு எழும்பியது. நான் எதிர்பார்த்தது அதைத்தான். கூட்டத்துக்கு அது தெரியுமா? வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள்.

"அணைக்கச் சொன்னா வீட்டப் பிரிச்சு விடுறானுகளே! பாவிகளா!"

அப்போதுதான் செல்வியின் அப்பா எரிகிற வாசலை நோக்கி ஓடினார். நல்ல உயரம், நரைத்த மீசை, உழுது உரமேறிய உடம்பு. மூன்று பேர் அவரை இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் அந்த மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே வந்து என் கையைப் பற்றினார்.

"தம்பி, ஒங் கூடப் பெறந்தவளா நெனச்சுக்கப்பா. தண்ணிய விடுப்பா. இல்ல, என்னயவாச்சும் உள்ள விடு."

இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். நெருப்பைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் சரி. மனிதரைப் பற்றித்தான் தப்பாக நினைத்தேன். சேகரும் நானும் சன்னலுக்குப் போக வேண்டும். காதர் பம்பை விட்டு நகர முடியாது. இன்னொருவன் சுவர்மேல் இருக்கிறான். பிராஞ்சைப் பிடிக்க ஆள் இல்லை. இவரையோ சும்மா விட்டால் தீக்குள் குதித்துவிடுவார். கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் அடங்குவார், ஊர்க்காரர்கள் ஹோஸ் பிடிப்பது வழக்கம்தானே என்று பட்டது. கைப்பிடியைத் திருப்பினால் திறக்கிற பிராஞ்ச் எங்களிடம் ஒன்றே ஒன்று இருந்தது. தண்ணீர் நிரம்பி விறைத்து நின்ற ஹோஸோடு அதை அவர் கையில் கொடுத்தேன்.

"அய்யா, இதப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. ஒங்க மகளக் கூட்டிட்டு நான் வந்து சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது. என்ன ஆனாலும் தொறக்கக் கூடாது."

"சரிப்பா. சரிப்பா. நீ போ."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறியிருக்காது. மகள் எரிகிற வீட்டுக்குள் இருக்கும்போது எந்தத் தகப்பனுக்கு ஏறும்? அவர் கண்ணைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்காமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சன்னல் கம்பிகளைப் பெயர்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்கலாம். எனக்கு ஒரு முழுப் பகல் மாதிரி இருந்தது. சாக்கை இழுத்து எறிந்துவிட்டு, நனைத்த துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே குதித்தேன். இடுப்புக்கு மேலே புகை, இடுப்புக்குக் கீழே ஓரளவு தெளிவு. ஓட்டைப் பிரித்தது பலித்திருக்கிறது என்று அதைப் பார்த்ததும் தெரிந்தது. கட்டிலில் செல்வி இல்லை. தவழ்ந்துபோய்த் தேடினால், அறையின் மூலையில் குப்புறக் கிடந்தாள். பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டும் தண்ணீர் வெளியே போவதற்காகச் சுவரின் அடியில் ஓர் ஓட்டை வைத்திருந்தார்கள். அந்த ஓட்டையில் குழந்தையின் முகத்தைப் பொருத்தி வைத்துக்கொண்டு, அதன்மேல் படாமல் கையை ஊன்றிக் குனிந்திருந்தாள். குழந்தை வெளிக்காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் எட்டாவது படித்தவள். அன்றைக்கு அந்த இடத்தில் எங்கள் எல்லாரையும்விடச் சரியாக யோசித்தவள் அவள்தான்.

குழந்தையை வாங்கிச் சன்னல் வழியாகச் சேகரிடம் நீட்டினேன். சேகர் சந்துக்குள்ளிருந்தே, "புள்ள வந்துருச்சு!" என்று கத்தினான். செல்வியைத் தூக்கி நிறுத்திச் சன்னல் பக்கம் திருப்பினேன். இன்னும் ஒரு நிமிடம் போதும்.

அப்போது கூரையில் ஒரு சத்தம். கோடைமழை ஓட்டில் அடிக்கிற மாதிரி பெருஞ்சத்தம். தண்ணீர். அதுவும் வாசலில் இல்லை, கூரை ஓட்டையில். யோசித்துப் பார்த்தால் வேறு எங்கே அடிப்பார்? தீ கண்ணுக்குத் தெரிகிற இடம் அதுதான். கூட்டம் கையை நீட்டிக் காட்டுகிற இடமும் அதுதான். சூடு போவதற்காக நான் திறந்துவிட்ட ஒரே வழியை அவர் தண்ணீரால் அடைத்துக்கொண்டிருந்தார். மேலே போன அத்தனையும் திரும்பிக் கீழே வந்து, சுவரைத் தாண்டி எங்கள் அறைக்குள் இறங்கியது. இடுப்பளவில் நின்ற புகை ஒரே மூச்சில் தரையைத் தொட்டது. வெந்நீர் ஆவி முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. "நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!" என்று கத்தியது என் தொண்டையை விட்டே வெளியே வரவில்லை.

செல்வி நின்றுகொண்டிருந்தாள். நான் அவளை நிறுத்தியிருந்தேன். குனிந்தே இருந்திருந்தால் அவ்வளவு பட்டிருக்காது. முதுகிலும் இடது கையிலும் வாங்கிக்கொண்டு அவள் போட்ட சத்தம் இருக்கிறதே, அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. அவளைச் சன்னலில் தூக்கிப் போட்டேன். சேகர் இழுத்தான். நானும் அவள் பின்னாலேயே விழுந்தேன். என் காதுகளும் பிடரியும் வெந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

எழுந்து வாசலுக்கு ஓடினால், தகப்பன் இரண்டு கையாலும் பிராஞ்சைப் பிடித்து, அழுதுகொண்டே ஓட்டைக்குள் அடித்துக்கொண்டிருக்கிறார். சந்துப் பக்கமிருந்து அவர் மகளைத் தூக்கி வருகிறார்கள். ஊர் முழுக்க ஒரே குரலாக, "அய்யா தண்ணி விட்டாரு, புள்ளையும் தாயும் வந்துட்டாக!" என்றது. அவர் பிராஞ்சை என் கையில் கொடுத்துவிட்டு என் காலில் விழப் போனார். நான் பிடித்துத் தூக்கினேன். அந்த நிமிடத்தில் அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. செல்வி ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கிடந்தாள். அதற்குள் எங்கள்மேல் மனு போய்விட்டது. ஃபயர் சர்வீஸ்காரர்கள் வந்தும் தண்ணீர் விடாமல் வேடிக்கை பார்த்தார்கள், ஓட்டைப் பிரித்துத் தீயைப் பெரிதாக்கினார்கள், வீட்டுக்காரரே தண்ணீர் அடித்த பிறகுதான் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று எழுதி, ஊரே கையெழுத்துப் போட்டிருந்தது. முதல் கையெழுத்து செல்வியின் அப்பாவுடையது. மேலதிகாரி விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. வேலை போகலாம் என்றார்கள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்த எனக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான். காதில் கட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்வி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவளுடைய அப்பா கஞ்சி வாங்கி வரக் கீழே போயிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பேசினாள்.

"எனக்குத் தெரியும்ணே. மொதல்ல பொக மேலதான் நின்டுச்சு. ஓட்டுல தண்ணி விழுந்த பெறகுதான் எறங்கி என்னயச் சுட்டுச்சு."

"இத நீ ஆபீசர்ட்ட சொல்லணும்மா. எனக்காக இல்ல. உண்மைதானே அது."

அவள் அப்பா வருகிறாரா என்று வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"எங்கய்யா ராவும் பகலும் இங்கனயே கெடக்காரு. தண்ணி அடிச்சு மகளக் காப்பாத்திட்டேன்னு நெனச்சுத்தான் ரெண்டு வாய் திங்கிறாரு. அவர்தான் என்னயச் சுட்டாருன்னு தெரிஞ்சா இந்த ஆஸ்பத்திரிய விட்டு உசுரோட போகமாட்டாருண்ணே. சொல்லிராதீக."

எனக்கு அவ்வளவு பெருந்தன்மை எல்லாம் கிடையாது. இவள் சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் படியிறங்கினேன்.

விசாரணை எங்கள் ஸ்டேஷனிலேயே நடந்தது. செல்வியின் அப்பாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்தி, "நாந்தான்யா தொறந்தேன். இவுக நம்பிக் கொடுத்தாக, ஆனா தொறக்க விடல. எம் புள்ள வேகுறப்ப நான் எப்பிடிய்யா சும்மா நிப்பேன்?" என்றார். வந்த அதிகாரி தொழில் தெரிந்தவர். கூரையின் படத்தைப் பார்த்தார், என் காதைப் பார்த்தார்.

"தண்ணீர் எங்கே அடிச்சாங்க?" என்று என்னிடம் கேட்டார். "அப்புறம் உள்ளே என்ன ஆச்சு?"

அவருக்குப் பாதி புரிந்துவிட்டது என்று தெரிந்தது. நான் உண்மையைச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் விசாரணை முடிந்துவிடும். பக்கத்தில் அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கூட இல்லை, மரியாதையாக இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார். ஒன்றரை மாதத்தில் பாதி ஆளாக வற்றியிருந்தார். பிராஞ்சை அவர் கையில் திணித்தது யார்? நான்தான். அவர் அதைக் கேட்டு வாங்கவில்லை.

"நான் தாமதம் பண்ணிட்டேன் சார்," என்றேன். "முன்னாடியே தண்ணி விட்டிருக்கணும். அந்தப் பொண்ணுக்குப் பட்ட காயம் என் தாமதத்தால வந்தது."

அதிகாரி பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். "அப்படியே எழுதிக் கொடுக்கிறீங்களா?" என்றார். எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். நான் ராமேஸ்வரத்துக்கு மாற்றப்பட்டுப் பல வருடம் அங்கேயே கிடந்தேன். சில நாள் அந்தத் தகப்பனை நினைத்து ஆறுதலாக இருக்கும், சில நாள் அவரை நினைத்தாலே எரிச்சலாக இருக்கும்.

ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தேன். அவர் நன்றாகக் கிழடாகியிருந்தார். கூடவே செல்வி, அந்த வெயிலிலும் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேரன் சென்னையில் வேலை பார்க்கிறான் என்றார். பிறகு கையை விடாமலேயே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, ரொம்ப நாளா ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு. அன்னைக்கு நான் தண்ணி அடிச்சது சரிதானப்பா?"

இத்தனை வருடம் கழித்து எதற்காகக் கேட்கிறார்? எங்கேயாவது யாராவது எதையாவது சொன்னார்களா? நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி முந்திக்கொண்டாள்.

"அதான் நானும் எம் புள்ளையும் உசுரோட நிக்கிறமேய்யா. வாங்க, பஸ் வந்துருச்சு."

அவர் நகரவில்லை. மகள் பதில் சொல்லிவிட்டாள், ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிதான்யா," என்றேன். அதற்குப் பிறகுதான் கையை விட்டார்.

போன மாதம் அவர் இறந்துபோனார். துட்டி கேட்கப் போயிருந்தேன். எல்லாரும் கலைந்த பிறகு செல்வி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு ஆபீசர்ட்ட என்னன்னு எழுதிக் கொடுத்தீக?"

சொன்னேன். கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"அதப் படிச்சிட்டு இன்னொரு வீட்டுல தண்ணியத் தொறந்துட்டாகன்னா? இனிமே அய்யாவுக்கு ஒண்ணும் தெரியப்போறதில்ல. மாத்தி எழுதிருங்கண்ணே."

அந்தக் கோப்பு இன்னும் ஆபீஸில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அதை எடுத்துக்காட்டாகச் சொல்லுகிறார்கள் என்றும், அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் எந்த லீடிங் ஃபயர்மேனும் வாசலில் நின்று யோசிப்பதில்லை, போனதும் திறந்துவிடுகிறான் என்றும் எனக்குப் பல வருடமாகத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். அதனால் எங்கே யாருக்கு என்ன ஆனதோ, நான் விசாரித்ததில்லை, விசாரிக்கப் பயம். தம்பிகளே, அதில் என் கையெழுத்தில் இருப்பது பொய். தாமதத்தால் அந்தப் பெண் வேகவில்லை. தண்ணீரால் வெந்தாள். அதை நம்பாதீர்கள், போனதும் திறக்காதீர்கள், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று முதலில் சுற்றிப் போய்ப் பாருங்கள்.